கண்ணாடித் தொட்டியுட் கடல்

சென்ற மார்கழி விடுமுறையில் கொழும்புக்குச் சென்றிருந்தபோது, வெள்ளவத்தையில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் இல்லத்தில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. அவர் தொழிலால் கட்டட வரைபடம் கீறுபவர். உள்ளத்தால் மிருதங்கக் கலைஞர். மாலைவேளைகளில் அவர் வாசிப்பைக் கேட்கலாம் என்ற ஆவலோடு சென்ற எனக்கு, மிருதங்கம் உறையிட்டபடியே கூடத்துச் சுவரோரம் கிடந்தமை வியப்பளித்தது. அதற்கு எதிர்ப்புறத்தில், நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியொன்று நீல வெளிச்சத்தோடு விளங்கிற்று.

அருகிற் சென்று நோக்கினேன். உள்ளே ஒரு சிறு நெய்தல் நிலமே இருந்தது எனலாம். செம்மஞ்சளும் வெண்மையுமாய் வரியிட்ட குறுமீன்கள் இரண்டு, கடற்சாமந்தியொன்றின் விரல்களிடையே ஒளிந்து விளையாடின. கல்லொன்றின் மேல், சட்டைப் பொத்தான் அளவினவாய், பச்சையும் ஊதாவுமான பூக்கள் கொத்துக் கொத்தாய் மலர்ந்து நின்றன. பூவைக் கண்டவுடன் கை நீளுதல் மனித இயல்பு. என் கையும் நீண்டது.

"கையை வையாதையுங்கோ, பண்டிதர் ஐயா!"

திரும்பிப் பார்த்தேன். மாணாக்கரின் மகள், எட்டு வயதுச் சிறுமி, இடுப்பிற் கைவைத்து நின்றாள். "அது பூ இல்லை. அது நஞ்சு" என்றாள்.

முப்பது ஆண்டுகள் பிறருக்குப் பாடஞ் சொன்னவனுக்கு அன்று ஒரு குழந்தை பாடஞ் சொல்லிற்று. அப்பாடத்தை விரித்தறிய முயன்றதன் பயனே இக்கட்டுரை.

அவள் கூறியது முற்றும் உண்மை. பூவெனத் தோன்றியது பூவன்று, ஒரு விலங்கு. முருகைக் கற்களைக் கட்டும் சிற்றுயிர்களுக்கு இஃது உறவினம். ஆயின் இது கல் கட்டுவதில்லை. நடுவில் வாயும் சுற்றிலும் சிறு விரல்களுமாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாய் வாழ்கிறது. விற்போர் இதன் வடிவு கருதிப் 'பொத்தான்' என்று பெயரிட்டு விற்கின்றனர். தொட்டறியும் ஓர் அறிவே உடையன என்று தொல்காப்பியர் தாவரங்களை வகுத்தார். நத்தைக்கும் சிப்பிக்கும் ஈரறிவு கொடுத்தார். தாவரம் போல நின்று, விலங்கு போல உண்ணும் இவ்வுயிரை எந்த வகுப்பில் இருத்தியிருப்பாரோ என்று எண்ணிக்கொண்டேன். கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்த ஹவாய்த் தீவு மக்களே இதனைப் பாசியென்றுதான் கொண்டனர் என்றால், நாம் பூவென்று மயங்கியது பெருந்தவறன்று.

அந்த ஹவாய்க் கதை கேட்கத் தகுந்தது. அத்தீவுக் கூட்டத்துள் மாவுயி என்பது ஒன்று. அதன் கிழக்குக் கரையில் ஹானா என்னும் பகுதி உண்டு. முன்னொரு காலத்தில் அங்கே மீன்பிடிக்கச் சென்று திரும்பும் மக்களுள் ஒவ்வொரு முறையும் ஒருவர் குறைந்துகொண்டே வந்தாராம். ஊருக்குப் புறம்பாகத் தனியே வாழ்ந்த கூனன் ஒருவன்மேல் ஐயங்கொண்டு, ஊரார் அவனைப் பிடித்து மேலாடையைக் கிழித்தபோது, அவன் முதுகிலே சுறாவின் வாய் திறந்திருந்ததாம். அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைக் கடலோரக் குழியொன்றிற் கொட்டினர். அக்குழியில் வளர்ந்த பாசி அன்று முதல் நஞ்சாயிற்று என்பது கதை. 'லிமு மாக்கே ஓ ஹானா' என்று அதற்குப் பெயர். ஹானாவின் கொல்லும் பாசி என்பது பொருள். வீரர் அதனை ஈட்டி முனையிற் பூசினர் என்றும், அவ்விடம் தீண்டத்தகாத இடமாக விலக்கப்பட்டிருந்தது என்றும் கூறுவர்.

விலக்கப்பட்ட அக்குழியிலிருந்து ஹவாய்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1961ஆம் ஆண்டு மார்கழி 31ஆம் நாள் அவ்வுயிரைச் சேகரித்தனர். அன்று பிற்பகலே அவர்களுடைய கடல் ஆராய்ச்சி நிலையத்தின் பிரதான கட்டடம் தீப்பற்றி எரிந்துபோயிற்று. இதனைச் சாபமென்று சொல்வோரும் உளர். நெருப்புக்கு நாட்பார்த்து வரத் தெரியாது என்பது என் கருத்து; எனினும் கதை சொல்வோருக்கு இதனினும் நல்ல நாள் வாய்த்திருக்க முடியாது.

சாபம் எவ்வாறாயினும் நஞ்சு மெய்யாயிற்று. 1971இல் மூர், ஷோயர் என்னும் இருவரும் அதனைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தனர். பாலிரொக்சின் என்பது அதன் பெயர். ஒரு மூலக்கூறிலே காபன் அணுக்கள் மட்டும் 129 உண்டு. அதன் அமைப்பை யப்பானிலும் ஹவாயிலுமாக இரு குழுவினர் தனித்தனியே முயன்று கண்டறிய 1981 ஆயிற்று. ஆய்வுகூடத்தில் அதனை முழுமையாய் ஆக்கிமுடிக்க 1994 ஆயிற்று. இயற்கையில் அறியப்பட்ட நஞ்சுகளுள் மிகக் கொடியவை என எண்ணப்படும் சிலவற்றுள் இஃது ஒன்று.

அது செய்யும் கேட்டினை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். நம் உடலின் கலமென்சவ்வுகளிலே, சோடியத்தை வெளியே இறைத்துப் பொற்றாசியத்தை உள்ளே வாங்கும் நொதியம் ஒன்று ஓயாது தொழிற்படுகிறது. அது துலா மிதிப்பவன் போன்றது. இந்நஞ்சு அதனோடு பொருந்தியவுடன், துலா நின்று கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் இடையே மதகு திறந்தாற்போல, இரண்டும் தத்தம் போக்கில் பாயத் தொடங்குகின்றன. தசைகள் சிதைவுறும், இதயம் தடுமாறும், மூச்சு முட்டும். இதற்கு மாற்று மருந்து இல்லை. வைத்தியர்கள் உடலைத் தாங்கிப் பிடித்து, நஞ்சு தானே தணியும்வரை காத்திருப்பர்.

இத்தகைய பொருளைக் கூடத்தில் வைத்திருக்கும் வீடுகள் உலகில் எத்தனையோ உள. பெரும்பாலானோர்க்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டிக்குள் தன்பாட்டில் விரிந்து சுருங்கும்வரை அது யாரையும் தேடி வருவதில்லை. நாம் அதனை வெட்டும்போதும், கல்லிலிருந்து சுரண்டும்போதும், தூரிகையால் தேய்க்கும்போதுமே கேடு விளைகிறது. கையிலே சிறு கீறல் இருந்தாற் போதும். சில வேளைகளில் அது நீரைப் பீச்ச, கண்ணிற்பட்டுக் கருவிழி புண்ணானோரும் உளர். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டனுள் ஒன்று கொடிய நஞ்சுடையதாகவும் மற்றையது நஞ்சே அற்றதாகவும் இருத்தல் கூடும் என அமெரிக்காவிலே கடைகளில் வாங்கிச் சோதித்தோர் 2011இல் எழுதினர். ஆதலால் நிறத்தைக் கொண்டோ விலையைக் கொண்டோ தீர்மானித்தல் இயலாது.

எல்லாவற்றினும் கொடியது வெந்நீர். தேவையற்ற இடத்தில் இவ்வுயிர் படர்ந்துவிட்டால், கல்லை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றினால் அழிந்துவிடும் என்று எண்ணுவது எவர்க்கும் இயல்பே. உயிர் அழியும், நஞ்சு அழியாது. அது ஆவியோடு துளித்துளியாய் எழுந்து வீடெங்கும் பரவும். சிறிது நேரத்தில் நாவில் உலோகச் சுவை தோன்றும். பின் இருமல், குளிர்காய்ச்சல், நெஞ்சிறுக்கம், தசைநோவு. கல்லைத் தொட்டவர் மட்டுமன்றி, அடுத்த அறையிலிருந்தோரும் வீழ்வர். அலாஸ்காவில் 2012க்கும் 2014க்கும் இடையே வீட்டிலும் மீன்தொட்டிக் கடைகளிலும் இவ்வாறு பலர் நோயுற்றதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2015இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயரிலே கிராமமொன்றில் 2018இல் தொட்டியைத் துப்புரவு செய்த ஒரு குடும்பம் முழுவதும் வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது. உதவிக்கு விரைந்த தீயணைப்புப் படையினரும் உடன் செல்லவேண்டியவராயினர்.

இவற்றை மாணாக்கர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த அவர் தாயார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சில மாதங்களுக்கு முன் தொட்டியை ஒழித்துவிடுவதென வீட்டிலே தீர்மானமாயிற்றாம். "வெந்நீர் ஊற்றினால் எந்தக் கிருமியும் செத்துப்போகும்" என்று அவ்வம்மையார்தாம் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாராம். நல்வினைப் பயனாகக் கல் பானைக்குட் புகவில்லை. விடிந்தபின் உடைத்துப் போடலாம் என்று விட்டுவிட்டு, அவ்விரவிலே மாணாக்கர் தற்செயலாக அப்பொத்தான் பூவின் பெயரைத் தேடிப் படித்திருக்கிறார். கல்லோடு ஒட்டி நண்பரொருவர் வீட்டிலிருந்து இலவசமாக வந்த உயிர் அது. அதன் பெயரைக்கூட அவர் அதுவரை அறிந்திரார்.

தொட்டியை ஒழிக்க ஏன் எண்ணினார் என்று வினவினேன். அவர் விடைகூறாது வலக்கையை என் முன் நீட்டினார். மோதிரவிரல் நடுக்கணுவில் வீங்கி, முழுதும் மடங்காமல் நின்றது. மிருதங்கம் ஏன் உறையிற் கிடக்கிறது என்பது அப்போது விளங்கிற்று.

ஈராண்டுகளுக்கு முன் கல்லை இடம்மாற்றுகையில் அவ்விரலில் ஒரு சிராய்ப்பு. அது மறுவாரமே ஆறிப்போயிற்று. மூன்று வாரங் கழித்து, அதே இடத்தில் பயறளவில் ஊதா நிறக் கட்டியொன்று எழுந்தது. நோவு பெரிதாக இல்லை. பாலுண்ணி என்றார் ஒரு வைத்தியர். ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார் மற்றொருவர். மூன்றாமவர் கீறிப் பார்த்தார். சீழைச் சோதித்த இடத்தில் ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை வந்தது. இதற்கிடையே, கயிற்றில் முடிச்சிட்டாற்போலப் புறங்கையிலும் முன்கையிலும் புதுக்கட்டிகள் வரிசையாய் ஏறின. எட்டு மாதஞ் சென்றபின், இளம் வைத்தியர் ஒருவர் கையைப் பிடித்தவாறே, "வீட்டில் மீன் வளர்க்கிறீர்களா?" என்று கேட்டாராம். அந்த ஒரு வினாவை அதுவரை எவருங் கேட்கவில்லை. மாணாக்கரும் சொல்லவில்லை, மீனுக்கும் விரலுக்கும் தொடர்பு உண்டென்று அவர் எங்ஙனம் அறிவார்?

நோயின் காரணி கசநோய்க் கிருமியின் தாயாதி. 1926இல் பிலடெல்பியா நகர மீன்காட்சிச்சாலையில் இறந்த கடல் மீன்களில் அரன்சன் என்பார் இப்பற்றீரியாவைக் கண்டு, கடலோடு சார்த்திப் பெயரிட்டார். அது மனிதரையும் பற்றும் என்பது 1951இல் சுவீடனில் நீச்சற்குளத்திற் குளித்தோரின் புண்களிலிருந்து தெரியவந்தது. குளத்து நீருக்குக் குளோரின் இடும் வழக்கம் ஒழுங்குபட்டபின் குளத்து நோய் குறைந்தது. 1962 முதல் வீட்டு மீன்தொட்டியே அதன் உறைவிடமாகப் பேசப்படுகிறது. உப்புநீர்த் தொட்டி, நன்னீர்த் தொட்டி என்ற வேறுபாடும் அதற்கில்லை. முப்பது பாகை செல்சியஸ் அளவான வெப்பமே அதற்கு உவப்பானது. ஆதலால் உடலின் உட்புறத்தை விட்டுக் குளிர்ந்த கைவிரல்களையே நாடும். ஆய்வுகூடங்களோ வழமையாக 37 பாகையில் கிருமிகளை வளர்க்கின்றன. அவ்வெப்பத்தில் இது வளர மறுக்கும். ஒன்றும் இல்லை என்ற அறிக்கை அவ்வாறு வந்ததே. இன்ன கிருமியை ஐயுறுகிறோம் என்று வைத்தியர் எழுதியனுப்பினாலன்றி ஆய்வுகூடத்தார் அதனைத் தேடார். வளர்ப்பவர் தம் தொட்டியைப் பற்றிச் சொன்னாலன்றி வைத்தியர் ஐயுறார். ஒரு சொல் குறைந்தமையால் எட்டு மாதம் கழிந்தது. பின்னும் ஆறு மாதம் இருவகை நுண்ணுயிர்க்கொல்லிகளை உண்டு நோய் நீங்கிற்று. கணு மட்டும் பழைய நிலைக்கு மீளவில்லை.

உயிர்கள் நம்மைத் தீண்டும் வகையில் முள்ளே மிகப் பழையது. பரதவரும் முள்ளும் நம் இலக்கியத்துக்குப் புதியரல்லர். சுறா எறிந்த புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டான் என்று தலைவி செய்தி சொல்லும் பாட்டொன்று குறுந்தொகையில் உண்டு. புண் ஆறியவுடன் மறுபடியும் கடல்தான். இன்றைய தொட்டி வளர்ப்போரும் அவ்வகையில் அவன் மரபினரே.

தொட்டிகளில் முள்ளுடைய மீன்களுள் தலையாயது சிங்கமீன். நம் கடற்பாறைகளிலும் வாழ்வதே. செந்நிற வரிகளோடு விசிறி விரித்தாற்போன்ற அழகினது. முதுகில் பதின்மூன்று, வயிற்றுப்புறச் செட்டைகளில் இரண்டு, பின்புறச் செட்டையில் மூன்று எனப் பதினெட்டு நச்சு முட்கள் அதற்குண்டு. அது துரத்திக் குத்துவதில்லை. தொட்டியின் மூலையைத் துடைப்பவர் பின்னே கவனியாது கையை இழுக்கையில் முள்ளிற் படுகிறது. நாம் கறிக்கு வாங்கும் ஓரா மீனின் முள்ளும் நஞ்சுடையதே. அதனை மீன் வெட்டும் பெண்கள் யாவரும் அறிவர். கல்லைப்போலக் கிடக்கும் கல்மீன் இவை யாவற்றினும் கொடிது. அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து 1959இல் அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பட்டது.

இவ்வகை முள் குத்துக்கு முதல் உதவி வெந்நீர்தான் என்பது விந்தை. கையைச் சுடாத அளவில், ஏறத்தாழ 45 பாகை வெப்பமுள்ள நீரிலே, அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் குத்துண்ட கையை அமிழ்த்திவைக்க நோவு தணியும். இந்நஞ்சு புரதம், சூட்டிற் சிதையும். நோவு தணிதற்கு இதுவே முழுக் காரணமா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்தவரல்லர், ஆயினும் தணிகிறது. நீரின் சூட்டை மற்றைக் கையாற் பார்த்தல் வேண்டும். குத்துண்ட கை மரத்திருக்குமாதலால் வெந்துபோவதும் தெரியாது. நான் சிறுவனாயிருந்தபோது, எங்களூரிலே திருக்கை முள் குத்திய ஒருவரை வள்ளத்திலிருந்து தூக்கிவந்து, அவர் காலை வெந்நீர்ச் சட்டியில் வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். திருக்கை வாலைப் பள்ளிக்கூடத்து ஆசிரியரின் கையில் மட்டுமே கண்டு அஞ்சிய எனக்கு, அதன் உயிருள்ள முனை செய்த வேலை அன்றுதான் தெரிந்தது.

பொத்தான் பூவுக்கு வெந்நீர் காலன். மீன்முள்ளுக்கு வெந்நீர் மருந்து. இவ்வேறுபாட்டை ஒருமுறை மாற்றிக் கொண்டால் என்னாகும் என்பதை அந்த அம்மையாரின் பானை அறியும்.

ஏனையவற்றை விரித்தல் வேண்டா. நீல வளையமிட்ட சாக்குக்கணவாய் உள்ளங்கையில் அடங்குமளவினது. 1954இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரருகே அதனைத் தோளில் ஊரவிட்டு விளையாடிய இளைஞர் சில மணி நேரத்துள் இறந்தார். பேத்தை மீனில் உள்ள நஞ்சே அதிலும் உண்டு. கூம்பு வடிவான சங்குகளுட் சில மீனை எய்து கொல்லும் அம்புடையன. அழகிய ஓடென்று கையிலெடுத்தோர் இறந்ததும் உண்டு. கும்பிடுபூச்சிபோல முன்காலை மடித்திருக்கும் இறாலொன்று கண்ணாடியையே உடைக்கும். 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யாமத் நகரக் காட்சிச்சாலையில் உடைத்தது. ஈரல் நோயுடையோர் ஆறாத புண்ணோடு உப்புநீரிற் கைவைப்பது உயிருக்கே கேடாய் முடியலாம்; அந்நீரில் வாழும் ஒருவகைப் பற்றீரியா அவர்களை விரைந்து கொல்லும். உப்புநீரும் மின்சாரமும் ஒருங்கிருத்தலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! தொட்டி நீரை மாற்றக் குழாயை வாயால் உறிஞ்சும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடும்படி மாணாக்கரிடம் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அவர் பழைய வகுப்பறையில் நின்றதுபோலத் தலைகுனிந்து நின்றார்.

மூன்றாம் நாட் காலை அக்கல் அகற்றப்பட்டது. தாயாரையும் சிறுமியையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டுச் சன்னல்களை எல்லாம் திறந்தார். முழங்கைவரை கையுறை, கண்ணுக்குக் காப்பு, வாய்க்கும் மூக்குக்கும் மூடி. நான் முற்றத்திலிருந்து சன்னல் வழியே நோக்கினேன். நீருக்கடியில் வைத்தே கல்லை வாளிக்குள் நகர்த்தி, நீரோடு தூக்கி, முற்றத்துக்குக் கொண்டுவந்தார். சுரண்டவில்லை, தேய்க்கவில்லை. துணி வெளுக்கும் குளோரின் நீர்மத்தை வாளியில் ஊற்றி மூடிவைத்தார். அரைமணி நேரம் எவரும் அருகே செல்லவில்லை. ஊதாப் பூக்கள் மூடிக்கொண்டதை எட்டத்தில் நின்று கண்ட சிறுமி, அவற்றுக்கு நோகுமா என்று என்னைக் கேட்டாள். தொட்டுணர்வதற்கேனும் அறிவு உண்டு என்றேன். அவள் அதற்குப் பின் ஒன்றும் பேசவில்லை.

அம்மையார் அந்த வாளியை மீண்டும் உடுப்புத் தோய்க்கக் கொள்ளலாமா என்று கேட்டார். ஆகாது என்று மகன் சொல்ல, நல்ல வாளியாயிற்றே என்று நெடுநேரம் முணுமுணுத்தார்.

அன்று மாலை, நான் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கையில், கூடத்திலிருந்து மிருதங்கத்துக்குச் சுருதி கூட்டும் ஓசை கேட்டது. சென்று அமர்ந்தேன். ஆதி தாளத்தில் மெதுவாகத் தொடங்கினார். இடக்கை பழைய இடக்கையே. வலக்கையிலே, சுட்டுவிரல் விளிம்பில் அடிக்கும்போது மோதிரவிரல் மெல்லத் தொட்டு நிற்கவேண்டிய 'நம்' என்னுஞ் சொல் மட்டும் சற்று மங்கி ஒலித்தது. அவர் விரலின் சாய்வை மாற்றி மாற்றி அச்சொல்லையே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியிலே வரிமீன்கள் இரண்டும் கடற்சாமந்திக்குள் உறங்கப் போய்விட்டன.